என் வாசலுக்கு எதிரே உள்ள கற்குவியல்

அனுப்புநர்:
பனாகிஸ் ரசாட்டோஸ்,
த/பெ காலஞ்சென்ற தியோனிசியோஸ்,
முன்னாள் உலர்திராட்சைத் தராசுக்காரர்,
கரவாட்டா கிராமம், கெஃபலோனியா தீவு.

பெறுநர்:
மாண்புமிகு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், அர்கொஸ்தோலி.

பொருள்: பழைய காவல் அலுவலகத்தின் சீல் வைத்த பெட்டியைத் திறக்கக் கோரிய என் முந்தைய மனுவைத் திரும்பப் பெறுதல், என் வாசலுக்கு எதிரே உள்ள கற்குவியலை அகற்றக் கோருதல், மற்றும் ஒரு சிறு வேண்டுகோள் தொடர்பாக.

பார்வை: என் மனு, நாள் 1867 பிப்ரவரி 2, அதற்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதில், நாள் மார்ச் 11.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பெட்டியைத் திறந்து காட்டுங்கள் என்று தங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டவன் நான்தான். இன்று அதே பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கேட்பவனும் நான்தான். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தங்கள் குமாஸ்தா நினைக்கக்கூடும். சென்ற முறை மனுவை வாங்கும்போதே அவர் முகத்தில் அது தெரிந்தது. அவர் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். தாங்கள் மட்டும் இதைக் கடைசிவரை படித்துவிட்டு முடிவு செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

2. தாங்கள் ஏதென்ஸிலிருந்து வந்து ஓராண்டுதான் ஆகிறது. எங்கள் ஊர் விவகாரம் தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகையால் முதலிலிருந்து எழுதுகிறேன். அர்கொஸ்தோலி துறைமுகத்தில் ஓர் ஆங்கிலேய வியாபாரியின் கிடங்கில் இருபத்திரண்டு ஆண்டுகள் உலர்திராட்சையை எடை நிறுத்தவன் நான். அவன் சம்பளத்தில் சாப்பிட்டேன், உண்மைதான். ஆனால் இந்தத் தீவு கிரேக்கத்தோடு சேர வேண்டும், எங்களைப் பாதுகாக்கிறேன் என்று வந்து உட்கார்ந்த இங்கிலாந்து மூட்டை கட்ட வேண்டும் என்று எங்கள் ஊரில் முதன்முதலில் கூடிப் பேசிய எட்டுப் பேரில் நானும் ஒருவன். எங்களுக்குத் தலைவர் பள்ளி ஆசிரியர் மரினோஸ். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்று மணமுடிகளை மாற்றி வைத்தவர் அவர்தான். கூடப்பிறந்தவன் இல்லாத எனக்கு அவர்தான் உடன்பிறப்பு.

3. 1851ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மரினோஸ் எனக்கு ஒரு கடிதம் அனுப்பினார். ஐக்கியம் கோரும் அறிக்கையில் எட்டுப் பேரும் கையெழுத்திட வேண்டும். இடம், மலைமேல் உள்ள எலியா தீர்க்கதரிசியின் சிற்றாலயம். நாள், நவம்பர் 18, பகல் பன்னிரண்டு மணிக்கு மேல். ரொட்டியும் ஆலிவும் மட்டும் கொண்டுவா என்று எழுதியிருந்தார். வழக்கமாக நாங்கள் யாரும் நாளை எண்ணால் சொல்வதில்லை. இன்ன புனிதர் திருநாளுக்கு மறுநாள், இன்ன நோன்புக்கு முந்தின நாள் என்றுதான் சொல்வோம். அந்த நாட்களில் போலீஸார் கடிதங்களைப் பிரித்துப் படித்தார்கள். திருநாள் பெயரைப் பார்த்தால் ஊரே கூடுகிறது என்று சந்தேகப்படுவார்கள் என்பதால் எண் மட்டும் எழுதினார். இங்கேதான் ஐயா என் தலையில் இடி விழுந்தது.

4. தேவாலயத்திலும் வயலிலும் நாங்கள் பழைய நாட்கணக்கில் வாழ்ந்தோம். ஆங்கிலேயன் புதிய கணக்கில் வாழ்ந்தான். அவனுடைய நாள் எங்களுடையதைவிடப் பன்னிரண்டு நாள் முந்திப் போகும். திங்கள் முதல் சனி வரை நான் கிடங்கில் கிடப்பவன். அங்கே சுவரில் ஆங்கிலேயனின் நாட்காட்டி. எண்ணைப் பார்த்தால் அந்த நாட்காட்டியைத்தான் என் கண் தேடும். திருநாள் பெயர் எழுதியிருந்தால் ஊர்க் கணக்கு என்று குழந்தைக்கும் தெரியும். எண் எழுதியிருந்ததால், கிடங்கில் இருக்கும் எனக்குக் கிடங்குக் கணக்கில் எழுதியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த நாள் செவ்வாய்க்கிழமையாக இருந்தது. செவ்வாய்க்கிழமை எங்கள் ஆட்கள் ஒரு சட்டைகூட வெட்டித் தைக்க மாட்டார்கள். அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? போலீஸுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்றே மரினோஸ் செவ்வாயைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், எப்பேர்ப்பட்ட மூளை என்று அவரை மெச்சிக்கொண்டேன்.

5. கிடங்கில் வயிற்று வலி என்று பொய் சொல்லிவிட்டு மலை ஏறினேன். ரொட்டி, ஆலிவ் மட்டும் என்றிருந்ததை மரினோஸின் கஞ்சத்தனம் என்று நினைத்து, எல்லோருக்குமாக ஒரு முழு ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் தோளில் சுமந்து போனேன். ஊர்க் கணக்கில் அது கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கிய பிறகு வரும் நாள், நோன்பில் பாலாடைக்கட்டி கூடாது, அதனால்தான் அவர் அப்படி எழுதியிருக்கிறார் என்பது எனக்கு எட்டவில்லை. நண்பகலிலிருந்து மாலை மணி அடிக்கும்வரை அந்த ஆலயப் படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஈ காக்கை வரவில்லை. கீழ்ச் சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவன் மட்டும் என்னைப் பார்த்துக் கை ஆட்டினான். நானும் ஆட்டினேன். அந்தக் கை பின்னால் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

6. ஐயா, அன்று இறங்கி வந்ததும் மரினோஸின் வீட்டுக்குப் போய், 'என்னய்யா, மலையில ஒருத்தரையும் காணோம்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவர் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். நானும் சிரித்திருப்பேன். இந்த மனுவே இருந்திருக்காது. நான் கேட்கவில்லை. ஏன் என்றால் அதற்கு முந்தின மாதம்தான் காபிக்கடையில் முடிதிருத்துபவர் ஜெரோலிமோஸ் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, 'பனாகிஸுக்கு என்னப்பா, பாதி நாள் அவங்க ஆளு, பாதி நாள் நம்ம ஆளு. எந்தப் பாதி இப்ப காபி குடிக்குதுன்னு தெரியல' என்று கிண்டல் செய்தார். மரினோஸும் சிரித்தார். அந்தச் சிரிப்பு என் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. ஆகவே மலையில் யாரும் வராதபோது, இவர்கள் என்னைக் கழற்றிவிட்டு வேறெங்கோ கூடுகிறார்கள், எனக்கு வேண்டுமென்றே பொய் இடம் சொன்னார்கள் என்று முடிவு கட்டினேன். எனக்கும் ரோஷம் உண்டு என்று காட்டுவதற்காக, திரியெஸ்தே துறைமுகத்துக்குச் சரக்கோடு போகும் கப்பலில் எடை பார்க்கும் ஆளாகப் பெயர் கொடுத்து, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். என் மனைவி ரெகீனாவிடம்கூடக் காரணம் சொல்லவில்லை.

7. நான் கடலில் இருந்தபோது உண்மையான நவம்பர் 18 வந்தது. ஏழு பேரும் ஆலயத்தில் கூடினார்கள். ரொட்டியும் ஆலிவும் பிரித்துவைத்த நேரத்தில் சிப்பாய்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஏழு பேரையும் விசாரணை இல்லாமலே ஆண்டிகிதெரா தீவுக்கு நாடு கடத்தினார்கள். ஆறு பேர் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தார்கள். மரினோஸ் அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவரை அடக்கம் செய்த இடத்தில் அடையாளம்கூட இல்லை என்கிறார்கள்.

8. ஜனவரியில் நான் கப்பலை விட்டிறங்கி ஊருக்கு நடந்து வந்தேன். ரெகீனாவுக்கு ஒரு கண்ணாடி ஜாடி வாங்கி வந்திருந்தேன். எங்கள் வாசலுக்கு எதிரே, சாலையின் அந்தப் பக்கம், முழங்கால் உயரத்துக்குக் கல் குவிந்திருந்தது. காட்டிக் கொடுத்தவனுக்கு எங்கள் பக்கத்தில் செய்யும் முறை இது. குருவானவர் கறுப்பு மெழுகுவர்த்தி ஏற்றிச் சாபம் வாசிப்பார்; மண்ணே அவன் உடலை ஏற்கக்கூடாது என்பார்; ஊரார் ஆளுக்கொரு கல் போடுவார்கள்; அதன்பின் அந்த வழியாகப் போகிறவர், வருகிறவர் எல்லாம் ஒரு கல் போட்டுவிட்டுப் போக வேண்டும். சபிக்கப்பட்டவனுக்கு நெருப்பு தரக்கூடாது, ரொட்டி தரக்கூடாது, வணக்கம் சொல்லக்கூடாது. ஏழு பேர் பிடிபட்டார்கள், எட்டாவது ஆள் மாயமாகிவிட்டான். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு அதே எட்டாவது ஆள் ஆலயத்தில் தனியாக உட்கார்ந்து வழியை நோட்டம் பார்த்ததை ஆட்டிடையன் பார்த்திருக்கிறான். இதற்குமேல் என்ன வேண்டும்? அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் கல் எடுத்திருப்பேன். இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

9. நாட்கணக்குத் தவறிய கதையை அன்றே சந்தையில் நின்று கத்திச் சொன்னேன். ஜெரோலிமோஸ் கத்தியைத் தோலில் தீட்டிக்கொண்டே, 'சம்பளம் இங்கிலீஷ்காரன் கொடுத்தா நாளும் இங்கிலீஷ் நாளா ஆயிடுமாடா? உன் ஆத்தா உன்னைப் பெத்தது எந்தக் கணக்குல?' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஊரில் என்னோடு யாரும் பேசவில்லை. கடைசியாக எனக்குக் கிடைத்த பேச்சு அதுதான். சில வருஷங்கள் கழித்து, அந்த வசவையாவது திரும்ப ஒரு முறை சொல்ல மாட்டாரா என்று ஜெரோலிமோஸின் கடை வாசலில் மெதுவாக நடந்து பார்த்திருக்கிறேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

10. பேராயரிடம் போனேன். சாபத்தை எடுத்துவிடும்படி கெஞ்சினேன். அவர் நல்ல மனிதர், ஏடுகளைப் புரட்டிப் பார்த்தார். சாபம் யார் பெயரையும் சொல்லி வாசிக்கப்படவில்லை, காட்டிக் கொடுத்தவர் எவரோ அவர்மேல் என்றுதான் வாசிக்கப்பட்டிருக்கிறது. பெயர் சொல்லாமல் போட்ட சாபத்திலிருந்து ஒருவரைப் பெயர் சொல்லி விடுவிக்க வழியில்லை. நீ குற்றமற்றவன் என்றால் அது உன்மேல் இல்லவே இல்லையே என்றார். சட்டப்படி அது சரியாகத்தான் இருக்கும். கல் மட்டும் என் வாசலில்தான் விழுந்துகொண்டிருந்தது.

11. 1859இல் ரெகீனா இறந்தாள். குருவானவர் வந்து ஜெபம் சொன்னார், அதுவே பெரிய விஷயம். சவப்பெட்டி தூக்க ஆள் இல்லை. அடுத்த ஊர்க் கோவேறு கழுதைக்காரன் ஒருவனைக் கூலிக்குப் பிடித்தேன். விஷயம் தெரிந்ததும் அவனும் கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே நின்றுகொண்டான். தலைமாட்டை நான் இழுத்தேன், கால்மாட்டை மண் இழுத்தது. ஒன்பதாம் நாள் நினைவுச் சடங்குக்குக் கோதுமை வேகவைத்து, மாதுளையும் சர்க்கரையும் சேர்த்துக் கோவில் முற்றத்தில் வைத்தேன். 'கடவுள் அவளை மன்னிப்பாராக' என்று சொல்லி ஆளுக்கொரு பிடி எடுக்க வேண்டும். ஒருவரும் எடுக்கவில்லை. திரும்ப வீட்டுக்குத் தூக்கிவந்து நானே தின்றேன். அவளுக்காக அந்த வார்த்தையை நானே எத்தனை தடவைதான் சொல்வது? அவள் என்ன பாவம் செய்தாள், ஐயா? சாகும்வரை அவள் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

12. மூன்று ஆண்டுகளுக்கு முன் மே 21ஆம் நாள் ஆங்கிலேயக் கொடி இறங்கி நம் கொடி ஏறியது. தீவு முழுவதும் மணி அடித்தது. தெருவில் பகையாளிகள்கூடக் கட்டிப்பிடித்து முத்தமிட்டுக்கொண்டார்கள். நான் இளமையெல்லாம் கனவு கண்ட நாள். நான் என் வாசல் கதவுக்குப் பின்னால், பலகை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊர்வலம் என் வாசலைத் தாண்டும்போது பாட்டு நின்றது. கல் விழும் சத்தம் கேட்டது. கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி பாட்டு தொடங்கியது. நான் கதவுக்குப் பின்னால் தனியாக நின்று அந்தப் பாட்டை முடித்தேன்.

13. போகும்போது ஆங்கிலேயர்கள் காவல் அலுவலகப் பெட்டிகளில் சிலவற்றை விட்டுவிட்டுப் போனார்கள் என்றும், அதில் எங்கள் ஊருக்கு உரிய 1851ஆம் ஆண்டுப் பெட்டியும் சீலோடு தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது என்றும் இந்தக் குளிர்காலத்தில் கேள்விப்பட்டேன். தகவல் சொன்னவர் பெயர் அதில் நிச்சயம் இருக்கும். அது என் பெயராக இருக்காது. ஆகவேதான் முதல் மனு கொடுத்தேன். தாங்கள் கருணையோடு, ஈஸ்டர் முடிந்து ஏப்ரல் 24 அன்று ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பெட்டி திறக்கப்படும் என்று பதில் அனுப்பினீர்கள். சந்தையில் தண்டோரா போட்டார்கள். அந்தத் தண்டோராவை நான் சாலை ஓரத்தில் நின்று கேட்டேன். அன்று இரவு பதினைந்து வருஷத்தில் முதன்முறையாகக் கால் நீட்டித் தூங்கினேன்.

14. மூன்றாம் நாள் காலை ஒருவர் என் கதவைத் தட்டினார். ரெகீனா போனபின் என் கதவை யாரும் தட்டியதில்லை. காற்றுதான் ஆட்டுகிறது என்று நினைத்து முதலில் எழுந்திருக்கவில்லை. வந்தவர் ஆணா பெண்ணா என்று எழுத மாட்டேன். பிடிபட்ட ஏழு பேரில் ஒருவர் அவர் வீட்டு ஆள். எந்த வீடு என்றும் எழுத மாட்டேன். இதைப் படிக்கும் குமாஸ்தா ஊகிக்க முயல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் நின்றபடியே பேசினார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

'பெட்டியத் திறந்தா என் பேருதான் வரும், பனாகிஸ். நாந்தான் சொன்னேன். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி கலகம் பண்ணுனவங்கள ஊர் ஊரா தூக்குல போட்டத நீயும்தானே பாத்த? எங்க வீட்டு ஆளு அடுத்த கலகத்துக்குத் துப்பாக்கி தேடிக்கிட்டிருந்துச்சு. இங்கிலீஷ் போலீஸ் அதிகாரி ஒருத்தன் சொன்னான், இப்ப வெறுங்கையோட, காகிதத்தோட மட்டும் மாட்டுனா நாடு கடத்துறதோட போயிடும், துப்பாக்கியோட மாட்டுனா கயிறுதான்னு. நான் நாளும் இடமும் சொன்னேன். உசுரு மிஞ்சட்டும்னு சொன்னேன். மரினோஸ் செத்துப்போவார்னு எனக்கென்ன தெரியும்? நீ இல்லாத நாள்ல உன் தலையில விழும்னு எனக்கென்ன தெரியும்? விழுந்தப்புறம் வாயத் திறக்க தைரியம் வரல. உன் வாசல்ல கல்லு போட்டேன். ஒவ்வொண்ணும் எனக்குத்தான்னு தெரிஞ்சேதான் போட்டேன். திறக்க வேணாம்னு கேக்க நான் வரல. ஊர் சொல்றதுக்கு முன்னாடி என் வாயால உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன்.'

15. நான் அவரை அடித்து விரட்டியிருக்க வேண்டும். உட்காரச் சொன்னேன். காபி போட்டேன். என்னிடம் ஒரு கோப்பைதான் வெளியே இருந்தது. ரெகீனாவின் கோப்பையைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் கழுவ வேண்டியிருந்தது. அவர் குடித்துக்கொண்டே, 'ஆமா, அன்னைக்கி சந்தையில நீ கத்துனத நான் கேக்கல. கூட்டத்துக்குப் பன்னண்டு நாள் முன்னாடி அங்க போயி நீ என்னதான் பண்ணிட்டிருந்த?' என்று கேட்டார். பதினைந்து வருஷத்தில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி. நாட்கணக்கைச் சொன்னேன். பாலாடைக்கட்டி சுமந்ததைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். 'அட பாவி மனுஷா! வாயத் திறந்து மரினோஸ ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன, உன் நாக்கு தேஞ்சா போயிடும்?' என்றார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் பைத்தியங்களைப் போல் சிரித்தோம். அதன்பின் அவர் அழுதார். போகும்போது, 'என் பேர எழுதிக்கோ. நீ எழுதுறத நான் தடுக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போனார்.

16. நான் மகான் இல்லை, ஐயா. மூன்று நாள் அந்தப் பெயரை வாயில் வைத்துக்கொண்டு அலைந்தேன். சந்தை நடுவில் எந்த இடத்தில் நின்று கத்துவது, ஜெரோலிமோஸ் கத்தியோடு வெளியே வரும்போது கத்துவதா, ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வரும்போதா என்றெல்லாம் திட்டம் போட்டேன். அந்த மூன்று நாளும் எனக்கு எவ்வளவு இன்பமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். நான்காம் நாள் வாசலில் நின்று குவியலைப் பார்த்தேன். இந்த ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும். இதே கற்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய் இன்னொரு வாசலில் கொட்டுவார்கள். அந்த வாசலில் ஒருவர் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நெருப்பு கிடைக்காது. இந்தத் தண்டனையின் எடை இந்த ஊரில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டே அதை இன்னொருவர் தலையில் இறக்க என்னால் ஆகவில்லை. தவிர, அவர் என் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தவர்.

17. இப்போது மனுவைத் திரும்பப் பெற்றால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். 'பெட்டியத் திறந்தா குட்டு வெளிப்பட்டிடும்னு பயந்துட்டான்' என்பார்கள். இதுவரை சந்தேகமாக இருந்தது இனிமேல் உறுதியாகிவிடும். தாங்களும் அப்படியே நினைத்தால் தங்களைக் குறை சொல்ல முடியாது. என் பேச்சைத் தவிர வேறு சாட்சி என்னிடம் இல்லை. வந்தவரின் பெயரைத் தனியாகத் தங்கள் காதில் சொல்லலாமே என்று ஒரு யோசனை வந்தது. சொன்னால் அது மறுபடியும் ஒருவரை அதிகாரியிடம் காட்டிக் கொடுப்பதுதான். எந்தக் காரியத்தைச் செய்யாமலே அதன் பழியை இத்தனை வருஷம் சுமந்தேனோ, அதைக் கடைசியில் செய்துவிட்டுச் சாக எனக்கு மனமில்லை.

18. ஆகவே கீழ்க்கண்டவாறு உத்தரவிடும்படி வேண்டுகிறேன். முதலாவது, அந்தப் பெட்டியைத் திறக்காமல், மனுதாரர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று குறிப்பெழுதி, சீலோடு தங்கள் கிடங்கின் அடியில் போட்டுவிட வேண்டும். பொது வழக்கு எதுவும் இல்லாதபோது, கேட்டவனே வேண்டாம் என்ற பிறகு அதைத் திறக்கத் தேவை இல்லை என்று கருதுகிறேன். இரண்டாவது, துறைமுகத்துக்குப் போகும் சாலையை அகலப்படுத்த இந்தக் கோடையில் கல் தேவைப்படும் என்று அறிகிறேன். என் வாசலுக்கு எதிரே நான்கு வண்டிக் கல் இருக்கிறது. நல்ல சுண்ணாம்புக்கல், சாலையின் அடித்தளத்துக்கு ஏற்றது. அதை எடுத்துக்கொள்ளலாம். காரணம் எதுவும் எழுத வேண்டாம், சாலைப் பணி என்று மட்டும் எழுதினால் போதும். சாபக் கல்லைத் தொட ஊரார் பயப்படுவார்கள். வெளியூர் ஆட்களை அனுப்பவும். அதில் எனக்குப் பணம் எதுவும் வேண்டாம்.

19. மூன்றாவது, இது உத்தரவு அல்ல, தங்கள் விருப்பம். வரும் மே 21 ஞாயிறன்று, ஐக்கியத்துக்காகப் பாடுபட்டவர்களின் பெயர் பொறித்த பளிங்குக் கல்லைத் திறந்துவைக்கத் தாங்கள் எங்கள் ஊருக்கு வருகிறீர்கள். அதில் மரினோஸின் பெயர் முதலாவதாக இருக்கிறது, அது நியாயம். என் பெயரைச் சேர்க்கும்படி நான் கேட்கவில்லை. தேவாலயத்திலிருந்து சதுக்கத்துக்குப் போகும் ஊர்வலம் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், வேறு பாதை இல்லை. கூரைக்கு மேல் வளர்ந்த அத்திமரம் நிற்கும் வீடு, பச்சைக் கதவு, சாலையின் இடப்பக்கம். இந்த முறை கதவுக்குப் பின்னால் நிற்க மாட்டேன், வெளியே நிற்பேன். கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு போட்டிருப்பேன். தாங்கள் என்னைத் தாண்டும்போது ஒரு கணம் நின்று, பக்கத்தில் வரும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஜெரோலிமோஸுக்கும் காதில் விழும்படி, 'வணக்கம், பனாகிஸ்' என்று சொல்ல வேண்டும். அரசாங்கமே வணக்கம் சொன்ன ஆளுக்குச் சொல்லாமல் இருக்க எங்கள் ஊர்க்காரர்களுக்குத் துணிச்சல் கிடையாது. பெட்டியைப் பார்க்காமலே, நான் எழுதியதை மட்டும் நம்பி, தாங்கள் அதைச் செய்ய வேண்டும் என்பதுதான் என் மனு.

20. என் மேல் தங்களுக்கு நம்பிக்கை வராவிட்டால் நேரே பார்த்துக்கொண்டு நடந்து போய்விடலாம். நான் வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் தங்கள்மேல் புகார் எழுத மாட்டேன். ஒருவேளை தாங்கள் நின்று வணக்கம் சொல்லி, எனக்குப் பதில் சொல்லக் குரல் எழும்பாமல் போனால், அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழக்கம் விட்டுப்போய்விட்டது. இப்போது காலையில் அத்திமரத்தடியில் நின்று சத்தமாக வணக்கம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மே மாதத்துக்குள் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

தங்கள் முடிவை எதிர்பார்த்திருக்கும்,

இடம்: கரவாட்டா
நாள்: 1867 ஏப்ரல் 6

பனாகிஸ் ரசாட்டோஸ்
(சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் கிடைக்கவில்லை)